ஒன்பதாம் சுற்று

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நான் நலம். ஆபரேஷன் செய்த தொண்டைப் புண் ஆறிவருகிறதா? டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் கூழாக்கித்தான் சாப்பிடுகிறாயா, இல்லை அக்கா ஆபீஸுக்குக் கிளம்பியதும் முறுக்கென்று எதையாவது கடிக்கிறாயா?

வந்து சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருந்தேன். இங்கே வாயில் காவலர் அறையில் ஒரே ஒரு போன். ரிசீவரைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது: நீ கேட்கலாம், பேச முடியாது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேச வைத்தவளிடம் நான் மட்டும் பேசிவிட்டு வைப்பதா? மனசு வரவில்லை. இனிமேல் கடிதம்தான்.

வேலை இதுதான். இங்கே ஈஸ்ட் வளர்த்து அதிலிருந்து ஒரு வைட்டமின் எடுக்கிறார்கள். நல்ல மஞ்சள். மூன்று மாடி உயரத் தொட்டியில் சர்க்கரைப் பாகையும் விலைக்கு வாங்கின சத்துப்பொடியையும் கரைத்து, ஒரு குடம் ஈஸ்டை விதையாக ஊற்றினால், ஐந்தாறு நாளில் அது கோடி கோடியாகப் பெருகி வைட்டமினைக் கொட்டுகிறது. அதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது செத்த ஈஸ்ட். சேறு மாதிரி, டன் கணக்கில். சக்கை என்கிறார்கள். இத்தனை நாள் லாரியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டின இடமெல்லாம் நாற்றம், சண்டை. அந்தச் சக்கையைக் கரைத்து அடுத்த தொட்டிக்கே உணவாகக் கொடுப்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. அதைத் தின்று வளர்வது செத்ததும், அதையும் கரைத்து அதற்கடுத்த தொட்டிக்கு. இப்படிப் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டும் தேறினால் வேலை நிரந்தரம்.

படிப்பைப் பாதியில் விட்டேன். முதல் வேலையை ஏழாம் மாதம் விட்டேன். இரண்டு தடவையும் உனக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி ஓடி வந்தேன். இரண்டு தடவையும் உனக்கு வெறும் ஜலதோஷம். நீ மறந்திருக்க மாட்டாய் என்று தெரியும். நானும் மறக்கவில்லை.

அக்காவையும் எழுதச் சொல். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்க நகலெடுத்துவிட்டு வீட்டிலும் பேனாவா என்பாள். சொல்லிப் பார்.

உன்
சின்னவள்


ஜனவரி 25

என் சின்னவளுக்கு,

அம்மா. நலமா என்று கேட்டால் நலமில்லை என்றுதான் எழுதுவேன். நலம் என்று எழுத எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

தொண்டை எரிகிறது. பசிக்கிறது, ஆனால் உன் அக்கா கொண்டுவரும் கூழைப் பார்த்ததும் பசி ஒளிந்துகொள்கிறது. சுவரில் பூச வைத்திருந்ததைத் தட்டில் போட்டுவிட்டாளோ என்று சந்தேகம். பலகையில் எழுதிக் காட்டினேன். "அப்ப நீயே சமைச்சுக்க" என்றாள். பேச வாய் இருக்கிறவளிடம் எழுதிச் சண்டை போட முடியாது. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அதற்காக ஒரு பித்தளை மணி வாங்கினேன். அடித்தால் வருகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பக்கத்து வீட்டு அம்மாள் தினம் வருகிறாள். குரல் போனால் காதும் போய்விட்டது என்று நினைப்பு. "சாப்டீங்களாஆ" என்று கத்துகிறாள். முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டின காது. இலை விழுந்தால் கேட்கும்.

உன் வேலை எனக்குப் புரிகிறது. பழைய வயரை உருக்கிப் புது வயர் செய்கிற மாதிரி. ஆனால் உருக்கின செம்பில் அழுக்கு சேர்ந்துகொண்டே போகும் என்று எங்கள் லைன்மேன் சொல்வார். பார்த்துச் செய்.

இன்னொன்று. மறுபடியும் ஒரு ஆபரேஷன் இருக்கலாம் என்கிறார்கள். இருந்தால் இருக்கட்டும். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்காதே. உன்னை வாசலில் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் உன்னைக் கெடுத்தது.

உன் அக்கா எழுத மாட்டாளாம். "நீ எழுதினா நான் எழுதின மாதிரிதான், ரெண்டும் ஒரே கை" என்கிறாள். அவளுக்கு எழுத்துப் பழக்கியது நான். என் டெலிபோன் கால் பதிவுப் புத்தகத்தை நகலெடுத்துப் பழகினவள்.

லைனை வைக்கிறேன்.

அம்மா


பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். ஆபரேஷன் தேதி முடிவானதா? எரிச்சல் குறைந்ததா? உடனே எழுது.

இரண்டாம் சுற்று முடிந்தது. சக்கையைக் கரைப்பது எப்படி என்று கேட்பாய் என்று எனக்கே தோன்றியது, எழுதிவிடுகிறேன். நாங்கள் எதுவுமே சேர்ப்பதில்லை. ஐம்பது டிகிரிச் சூட்டில் இரண்டு நாள் மூடி வைக்கிறோம், அவ்வளவுதான். ஈஸ்ட் செத்தாலும் அதற்குள் இருக்கிற ஜீரண நீர் சாவதில்லை. அது அந்த ஈஸ்டையே ஜீரணிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆள் போன பிறகும் வயிறு வேலைக்கு வந்துவிட்ட மாதிரி. இரண்டாம் நாள் திறந்தால் சேறு இளகி, பழுப்புச் சாறாகி இருக்கும். தோலை வடிகட்டி எறிந்துவிட்டு, சாறை நீராவியில் கொதிக்க வைத்து, புதுத் தொட்டிக்கு அனுப்புகிறோம்.

வளர்ச்சித் தொட்டியில் எப்போதும் நுரை, இரைச்சல். கரைக்கும் தொட்டியில் சத்தமே கிடையாது. வெளிச்சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கும். முதல் வாரம் கையை எடுக்கவே தோன்றவில்லை. இப்போது வைப்பதில்லை.

என் ஷிப்டில் ஒரு ஆபரேட்டர் அக்கா இருக்கிறாள். சைரன் என்று பெயர். அவள் கூப்பிட்டால் கம்ப்ரெஸ்ஸர் ஓடும்போதே மூன்று மாடி கேட்கும். எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சக்கை மேடம்.

"ஏன் சக்கை மேடம், செத்துப்போன அண்ணனைத் தம்பிக்கு ஊட்டுறீங்களே, அதுக்குத் தெரியுமா?"

"ஈஸ்டுக்கு என்னக்கா தெரியும்?"

"தெரியாம இருக்கிற வரைக்கும் நல்லது. நம்ம கேன்டீன்லயும் அப்படித்தான் ஓடுது."

உனக்கு அவளைப் பிடிக்கும்.

உன்
சின்னவள்


மார்ச் 10

அம்மா,

நலமா? நாலு வாரமாகிறது, ஒரு வரி இல்லை. ஆபரேஷன் ஆயிற்றா? அக்காவாவது இரண்டு வார்த்தை எழுதக் கூடாதா? நேற்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் தள்ள மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 16

என் சின்னவளுக்கு,

அம்மா. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பிப்ரவரிக் கடைசியில் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆறு நாள். அதெல்லாம் முடிந்துவிட்டது. ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தொண்டையில் வலி இல்லை. எங்குமே வலி இல்லை. மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. கூழும் இல்லை. மணியை உன் அக்கா துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அடிக்க வேண்டிய தேவை இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

பாதியில் கிளம்பி வராதே. பன்னிரண்டும் முடியட்டும். என் விருப்பம் அது ஒன்றுதான்.

அம்மா


ஏப்ரல் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

வலியே இல்லை என்ற வரியைச் சைரனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மகிழ்ச்சியில் அவளுக்குக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். "ஆபரேஷன் இல்லாமலே சரியாயிடுச்சா? உங்கம்மா டாக்டர் நம்பர் குடுங்க, எங்க மாமியாரையும் அனுப்பணும்" என்றாள்.

கூழ் இல்லை என்றால் இப்போது என்ன சாப்பிடுகிறாய்? நடக்கிறாயா? அக்கா ஏன் சண்டை போடுவதில்லை? எழுது.

ஐந்தாம் சுற்று ஓடுகிறது. மேலாளர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். மகசூல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகிறது. காரணம் எனக்குச் சரியாகப் புரியவில்லை. விதை ஊற்றியதும் ஈஸ்ட் உடனே வளராது, அம்மா. புது இடம், புதுச் சாப்பாடு. ஆறு மணி நேரம் சும்மா கிடக்கும், அப்புறம்தான் தொடங்கும். முதல் சுற்றில் ஆறு மணி நேரம் கிடந்தது. மூன்றாவதில் நாலரை. இப்போது மூன்று. ஏற்கெனவே வந்து போன வீடு மாதிரி நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. சைரன் தொட்டிப் பக்கம் தனியாகப் போவதை நிறுத்திவிட்டாள். என்னவென்று கேட்டால், "நான் ஏறிப் பார்க்கிறதுக்கு முந்தியே அது நுரைச்சு நிக்குது, எனக்காகக் காத்திருந்த மாதிரி" என்கிறாள்.

கசிவு கண்டுபிடிக்க இங்கே ஒரு ஊதா விளக்கு உண்டு. அந்த வெளிச்சத்தில் எங்கள் வைட்டமின் பச்சை மஞ்சளாக ஒளிரும். ஒரு நாள் அதை என் அறைக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். கதவுப் பிடி, குழாய், தலையணை, சுவரில் நான் சாய்கிற இடம் எல்லாம் என் கைத்தடம், காலடித் தடம். எத்தனை தேய்த்துக் குளித்தும். உன் கடிதங்களிலும் இருந்தது. நான் எந்த வரியில் விரல் வைத்து நின்றேன் என்று தெரிந்தது. வலி இல்லை என்ற வரி.

சீக்கிரம் பதில் போடு. நீண்ட பதிலாக.

உன்
சின்னவள்


மே 20

என் சின்னவளுக்கு,

அம்மா. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை போட்டுக்கொள்.

இங்கே எதற்கும் குறைவில்லை. பசி தெரிவதில்லை. தூக்கத்துக்கு மாத்திரை வேண்டியதில்லை. ஜன்னலோரக் கட்டிலில் காலையில் விரித்த விரிப்பு சாயங்காலம் வரை ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் இப்போது கத்துவதில்லை. வருகிறாள், சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறாள், போகிறாள். உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. யாரைப் பற்றியும் இல்லை. உன் அக்கா வேலைக்குப் போய் வருகிறாள்.

நீ எழுதியிருந்த தொட்டி விஷயத்தைப் படித்தபோது தோன்றியது ஒன்று. எதையும் செத்துவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு பகல் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதுவும் செய்யாமல், எதுவும் சேர்க்காமல். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டும் முடியட்டும்.

அம்மா


ஜூன் 24

அம்மா,

நலமா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கிறேன்.

நீ சொன்னபடி உட்கார்ந்தேன். ஒன்பதாம் சுற்று. கொதிக்க வைத்த சாறும் பாகும் தொட்டிக்குள் போயிற்று. விதை ஊற்றவில்லை. அதாவது உள்ளே உயிரென்று ஒன்றுமே கிடையாது. காலை ஏழு மணிக்குக் கண்ணாடிச் சாளரத்துக்கு எதிரே நாற்காலி போட்டேன். சைரன் வேண்டா வெறுப்பாக என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

பத்தே முக்காலுக்கு ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்று. பதினொன்றரைக்கு மேற்பரப்பு முழுக்க நுரை.

"விதை போட்டாச்சா மேடம்?"

"போடலக்கா."

"அப்ப உள்ள யாரு?"

அவள் அன்றைக்குக் கத்தவில்லை.

மூன்று நாள் தேடினோம். சாறு வரும் குழாயில், எப்போதோ பயன்படுத்தி அடைத்துவிட்ட ஒரு கிளை இருக்கிறது. முழங்கை நீளம். நீராவி அதற்குள் போவதில்லை. ஐம்பது டிகிரியிலும் சாகாத ஒன்றிரண்டு செல்கள் முதல் சுற்றிலேயே அங்கே போய் ஒதுங்கியிருக்கின்றன. அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும், தங்கள் கூட்டத்தின் சாறையே குடித்து, அங்கிருந்து தொட்டிக்குள் இறங்கியிருக்கின்றன. குழாயை அறுத்தபோது உள்ளே கெட்டியாக, மெழுகு மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாம் உயிரோடு. நான் ஊற்றின விதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் இவைதான்.

மேலாளர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். "மகசூல் ஏறுதா இறங்குதா?" என்றார். ஏறுகிறது என்றேன். "அப்புறம் ஏம்மா தோண்டுறே? இன்னும் மூணு சுற்று. கண்ணை மூடிட்டு ஓட்டு, உனக்கு ஆர்டர் கையில." நான் ஓட்டவில்லை. என் கணக்கெல்லாம் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு குழாய்களை மாற்ற ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் முதல் சுற்றிலிருந்து தொடக்கம். பன்னிரண்டு முடியவில்லை, அம்மா. ஆனால் நான் பாதியில் ஓடவும் இல்லை.

இதற்கப்புறம் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். எதையாவது சந்தேகப்பட ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற வேலை இது. ஜனவரிக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது குறை சொல்லியிருக்கிறாய். அக்காவின் கூழ், பக்கத்து வீடு, நான். மார்ச்சில் ஒரு குறையும் இல்லை. மே மாதத்திலும் இல்லை. லைனை வைக்கிறேன் என்றும் இல்லை. உனக்குக் குறையே இல்லாத ஒரு நாளை இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

நேற்று காவலர் அறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வீட்டில் இருக்கிற நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு நீண்ட பதில் வேண்டாம். என்னைத் திட்டி ஒரு வரி எழுது. சாப்பாடு சரியில்லை என்று எழுது. ஒரே ஒரு குறை போதும்.

நலமா, அம்மா?

சின்னவள்


ஜூலை 29

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்துக்கு நாலு வாரமாகப் பதில் எழுதிப் பார்க்கிறேன். அம்மாவாக இருந்து ஒரு குறையும் எனக்கு எழுத வரவில்லை.

அம்மா மார்ச் 2ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு இறந்துவிட்டாள். மருத்துவமனையில். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்கிற நிலையே வரவில்லை.

முந்தின நாள் உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துச் சிரித்தாள். சத்தம் இல்லாமல். பிறகு பலகையை வாங்கி எழுதினாள்: "சின்னவளைக் கூப்பிடாதே. பன்னிரண்டும் முடியட்டும். அதுவரை நீ எழுது. உனக்கு என் கை வரும்." நான் முடியாது என்றேன். மணியை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் விடாமல் அடித்தாள். நர்ஸ் ஓடி வந்தாள். சரி என்றேன். அதற்கப்புறம் அவள் எதுவும் எழுதவில்லை.

டாக்டர் இறந்த நேரத்தை "எழுதிக்கலாமா?" என்று கேட்டபோது நான் விடவில்லை. சாயங்காலம் வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்சேஞ்சில் அம்மா செய்கிற மாதிரி காது வைத்துக் கேட்டேன். ஆறு மணிக்குத்தான் எழுதச் சொன்னேன். மே மாதக் கடிதத்தில் வந்த அந்த வரி அம்மாவுடையது இல்லை. நான் உட்கார்ந்த பகல் அது. பதிவேட்டில் அவள் பெயரை ஏற்றியதும் நான்தான். வேறு கை படவிடவில்லை. காரியம் செய்த மாமாவிடம் உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

முதல் கடிதத்தில் "நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக, நடந்ததை மட்டும் நகலெடுத்த கை. நடக்காத ஒன்றை மையால் எழுதத் தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, அம்மாவைப் பற்றி எது உண்மையோ அதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். வலி இல்லை. பசி இல்லை. மணி அடிக்க வேண்டியதில்லை. விரிப்பு கலையவில்லை. திரும்பப் படித்துப் பார், ஒரு வரி பொய் இருக்காது. வலியே இல்லை என்று நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை.

உன் கடிதம் வந்தால் நான் உடனே பிரிப்பதில்லை. அவளுக்கு வந்த கடிதம். ஒரு நாள் அவள் கட்டிலில் வைத்துவிட்டு, மறுநாள்தான் பிரிப்பேன். நீ போன் செய்தபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எடுத்தால் வாயால் சொல்ல வேண்டும். மணி நாற்பத்திரண்டு தடவை அடித்தது, எண்ணினேன்.

ஒன்று சொல்ல வேண்டும், பயப்படாதே. ஆபீஸில் போன மாதம் மேலதிகாரி ஒரு நகலைத் திருப்பி அனுப்பினார். "இது யார் எழுத்து?" என்று. என் எழுத்துத்தான் என்றேன். பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். இரண்டும் வேறு. எனக்கென்று இருந்த எழுத்து எப்படி இருந்தது என்று உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. இந்தக் கடிதத்தை நான் நானாகத்தான் எழுதுகிறேன். எந்தக் கை என்று நீ பார்த்துச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

கவரில் எழுத்தைப் பார்த்ததும் அம்மா பதில் போட்டுவிட்டாள் என்று படியிறங்கி ஓடினேன். போதுமா பதில்?

உன்னை நான் மன்னிக்கவில்லை. எழுதும்போதே சொல்லிவிடுகிறேன், நேரில் வந்து சொன்னால் நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். மார்ச்சிலிருந்து நான் ஒரு காலிக் கட்டிலுக்குக் கேலி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். அதை நீ படித்தாய். நீ என்னைவிட அதிகம் பட்டிருப்பாய் என்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் போகவில்லை. அம்மா மேல் அதைவிடக் கோபம். இரண்டு தடவை ஜலதோஷத்துக்கு ஓடி வந்தேன். ஓடி வந்திருக்க வேண்டிய ஒரே தடவை நான் தொட்டிப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

சைரனிடம் சொன்னேன். என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாள். போகும்போது, "வீட்டுக்குப் போங்க மேடம். குழாய் மாத்தி முடிக்க மாசக் கடைசி ஆயிடும். இங்க ஒண்ணும் கெட்டுப்போகாது, கெட்டதெல்லாம் வெளிய எடுத்தாச்சு" என்றாள்.

இருபத்தொன்றாம் தேதி கிளம்புகிறேன். பத்து நாள் இருப்பேன். பிறகு திரும்பி வந்து முதல் சுற்றைத் தொடங்குவேன். அதை அம்மாவுக்காகச் செய்யவில்லை.

ஆனால் அந்தக் கடிதங்கள் இரண்டையும் இப்போது படிக்க முடியவில்லை, அக்கா. நீ பொய் எழுதவில்லை என்கிறாய். அதுதான் தாங்கவில்லை. பசியில்லாமல், வலியில்லாமல், என்னைப் பற்றிக் கவலையில்லாமல் ஒருத்தி அந்த வீட்டில் படுத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. அவள் இருக்கிற வீட்டுக்குள் என்னால் நுழைய முடியாது. நீ எப்படி அங்கே தூங்குகிறாய்?

எனக்கு இன்னொரு கடிதம் வேண்டும். அம்மா எழுதுகிற மாதிரி. நான் கிளம்புவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். இந்தத் தடவை ஒரு வரிகூட உண்மை இருக்கக் கூடாது. உனக்கு வராது என்று தெரியும். கை நின்றால் நிற்கட்டும், மறுபடி எழுது.

சின்னு


ஆகஸ்ட் 15

என் சின்னவளுக்கு,

அம்மா. நலமா என்று கேட்டு என் வாயைக் கிளறாதே.

முட்டி இரண்டும் வலிக்கிறது. முந்தாநாள் மழையில் உன் அக்கா ஜன்னலை மூட மறந்துவிட்டாள். கட்டில் நனைந்து முதுகு சில்லிட்டு, விடியும் வரை தும்மினேன். எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறாள். இருட்டில் நான் யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? புதுச் செருப்பு கடிக்கிறது. கடைக்காரனிடம் மாற்றிக் கேட்டேன், அவன் என் பலகையைப் படிக்காமலே தலையாட்டுகிறான். நேற்றைய சோற்றில் உப்பு இல்லை, இன்றைய சோற்றில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் பசிக்கிறது.

எட்டு மாதம் வேலை பார்த்து ஒரு பழைய குழாயைக் கண்டுபிடித்திருக்கிறாய். என் லைன்மேன் அரை நாளில் கண்டுபிடித்திருப்பார். இருந்தாலும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன், மூன்று தடவை.

உன்னை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. முன்கோபக்காரி. வந்ததும் உன் அக்காவிடம் எரிந்து விழாதே. அவள் எழுத்து கொஞ்ச நாளாக அவள் எழுத்து மாதிரியே இருக்கிறது.

வண்டி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் சரி. அவளை எழுப்பாதே, தூங்கட்டும். படியேறி வந்து பேசாமல் நில், தட்டவும் வேண்டாம். எனக்குக் காலடி கேட்கும்.

கதவை நான்தான் திறப்பேன்.

அம்மா